டிஸ்சார்ஜ் எப்போ, சிஸ்டர்?

என் அப்பா என் வீட்டில் உள்நோயாளியாகத் தங்கியிருந்தார். 'என் வீடு' என்று நான் சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவரைப் பொறுத்தவரை அது ஓர் ஆஸ்பத்திரி. சின்னதுதான், சுத்தமானது, கூட்டம் கிடையாது. டாக்டர் மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை, அது ஒன்றுதான் குறை. காலையில் தலையைப் படிய வாரி, சட்டையைப் பேண்ட்டுக்குள் செருகி, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் தயாராக உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே நுழைந்ததும் மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்ப்பார்.

"டிஸ்சார்ஜ் எப்போ சிஸ்டர்?"

"டாக்டர் வரட்டும் சார். கேட்டுச் சொல்றேன்."

"கொஞ்சம் ஞாபகமா கேளுங்க. வீட்டுல பொண்ணு ஒண்டியா இருப்பா. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

ஒன்றும் தெரியாத அந்தப் பொண்ணு நான்தான். வயது நாற்பத்தாறு. மறதி நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்வதில் பாதி ஆயுள் போயிருக்கிறது. அதற்குச் சாட்சியாகச் சுவரில் மாட்டிய இரண்டு சான்றிதழ்களும் முழங்காலில் ஒரு தீராத வலியும் உண்டு. இரவு டியூட்டியும் பகல் தூக்கமுமாக ஓடியதில் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் தள்ளிப்போடுவதற்கும் எதுவும் மிச்சமில்லாமல் போனது.

அப்பா இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஊரார் வாசலில் நின்று வாழ்நாளெல்லாம் சிரித்த மனிதர். சிரிப்பு முழுவதையும் வெளியிலேயே செலவழித்துவிடுவார். வீடு திரும்பும்போது முகத்தில் மீசை மட்டும்தான் மிச்சம் இருக்கும். "ஐயா, அம்மா, உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்று தெருவெல்லாம் தேன் வழியப் பேசிய அதே வாய், எங்களிடம் வந்தால் "ம்", "என்ன", "தள்ளு" என்பதோடு முடிந்துவிடும். நானும் தம்பியும் அவரிடம் பாலிசி எடுத்திருந்தால் ஒருவேளை அன்பாகப் பேசியிருப்பார்.

அம்மா போன பிறகுதான் அவருக்கு மறதி கூடியது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு எங்கள் பெயர்கள். என்னோடு கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சமாளித்தேன், குளியலைத் தவிர. "பெத்த பொண்ணு முன்னால துணியை அவுக்கணுமா? வெக்கம் மானம் இல்லையா உனக்கு?" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இருபது பேரைக் குளிப்பாட்டிவிட்டு வீட்டுக்கு வரும் எனக்கு, சொந்த அப்பா முதுகில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. தலைகீழாக நின்றும் பார்த்தாகிவிட்டது.

ஒரு நாள் உடம்பு ஓய்ந்துபோய், யூனிஃபார்மை மாற்றாமலே அவர் அறைக்குள் போய்விட்டேன். அவர் எழுந்து நின்றார். "வாங்க சிஸ்டர்" என்றார். குளியலறைக்குத் தானே நடந்து போய், சட்டையைக் கழற்றச் சொல்லி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளை மாதிரி.

சோப்புப் போடும்போது சொன்னார்: "உங்க கை பட்டா வலியே தெரியல சிஸ்டர். உங்களைப் பெத்தவங்க குடுத்து வெச்சவங்க."

"அப்படி அவங்க ஒரு நாளும் சொன்னதில்லையே சார்."

"சொல்ல மாட்டாங்க. பெத்தவங்க சொல்ல மாட்டாங்க."

அன்றிலிருந்து வீட்டில் நான் யூனிஃபார்ம்தான். முதலில் குளியலுக்கு மட்டும். பிறகு மாத்திரைக்கு. பிறகு முழு நேரமும். அவருக்கு வசதியாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மகளாக நாற்பத்தாறு வருடம் காத்திருந்தும் கிடைக்காத அந்தத் தேன், நர்ஸாக நின்றதும் தினசரிப் படி மாதிரி வந்து விழுந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதே சமயத்தில் நான் வேலை பார்க்கும் இல்லத்தில் நேர்மாறாக ஒன்று நடந்தது. நிர்வாகத்துக்கு யாரோ வந்து பாடம் எடுத்திருந்தார்கள். மறதி நோய்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரிச் சூழல் ஆகாது, வீடு மாதிரி இருக்க வேண்டும் என்று. நல்ல பாடம்தான், நானே அதில் தேர்ச்சி பெற்றவள். ஆனால் எங்கள் இல்லத்தில் அது சோபாவாக வந்து இறங்கியது. பூப்போட்ட திரை வந்தது. எரியாத அடுப்போடு ஒரு சமையல்கட்டு வந்தது. மேசையில் ஒரு தட்டு நிறைய மரத்தால் செய்த பழங்கள் வந்தன. அதில் ஒன்றைக் கடித்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மேல்வரிசைப் பல்செட்டை இழந்தார். கடைசியாக, "இனிமே யாருக்கும் யூனிஃபார்ம் கிடையாது, வீட்டுல இருக்கிற மாதிரியே வாங்க" என்று மேட்ரன் அறிவித்தார்.

சோபா கூடியது, ஆட்கள் குறைந்தார்கள். வேலையை விட்டுப் போனவர்களின் இடத்துக்கு யாரும் வரவில்லை. வீட்டு உடையில் நிற்கும் எங்களை, அங்கே இருந்தவர்கள் அவரவர் வசதிப்படி எடுத்துக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டர் என்று நாங்கள் அழைக்கும் பெரியவருக்கு நான் கிளம்ப மறந்த விருந்தாளி. "சாப்பிட்டாச்சுல்ல? அப்புறம் என்ன, கிளம்ப வேண்டியதுதானே?" என்பார். இன்னொரு அம்மாவுக்கு நான் பிடிக்காத மருமகள். "இவ துடைச்ச லட்சணத்தைப் பாரு" என்று திரைச்சீலையிடம் புகார் சொல்வார். மேட்ரனைக் குறை சொல்ல மாட்டேன். ஆள் இல்லாத நாட்களில் அவரே உட்கார்ந்து ஊட்டிவிடுவார். ஊட்டிக்கொண்டே தூங்கியும் போவார்.

இப்படியாக, காலையில் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போய், சாயங்காலம் வீட்டுக்கு வந்து யூனிஃபார்ம் போட்டுக்கொள்ளும் ஒரே நர்ஸ் என்ற பெருமை எனக்கு வந்து சேர்ந்தது. பெருமையைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அப்பாவின் சாப்பாடு நின்றது அப்புறம்தான்.

ஒரேயடியாக நிற்கவில்லை. தட்டைக் கையால் மெல்ல நகர்த்துவார். "தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். ஆஸ்பத்திரி சாப்பாடு எனக்கு ஒத்துக்காது. வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கிறேன்." வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு கண்ணுக்குத் தெரியாது என்று சிவப்புத் தட்டு வாங்கினேன். சின்னச் சின்ன உருண்டையாகக் கையில் கொடுத்துப் பார்த்தேன். எதிரில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். "நீங்க சாப்பிடுங்க சிஸ்டர், நான் கதவைப் பார்த்துக்கிறேன்" என்றார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா, "என் வீட்டுக்காரருக்குக்கூட நான் இப்படிக் கெஞ்சினதில்லை" என்று சலித்துக்கொண்டார். காலையில் ஒரு டம்ளர் பால், சாயங்காலம் இரண்டு பிஸ்கட். பெல்ட்டில் ஆணி அடித்து ஓட்டை போட்டேன். பிறகு இன்னொன்று. பிறகு பெல்ட்டின் வால் இடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் வரை போனது.

டாக்டர் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும், அதை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது, வேலையையும் விடாமல் சுத்தமாக முடியாது என்றார். அந்த வாரமே நீதிபதியைப் பிள்ளைகள் அழைத்துப் போய்விட, இல்லத்தில் ஜன்னலோரக் கட்டில் ஒன்று காலியானது. மேட்ரன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பிடிச்சு வைக்க முடியும். அப்பாவைக் கொண்டு வந்துடு. நீயும் இங்கதானே இருக்கே, கண்ணு முன்னால இருப்பார்."

கண் முன்னால்தான் இருப்பார். கண்ணுக்கு நேரம் வேண்டுமே. அந்தத் தளத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் எத்தனை வாய், எத்தனை கை என்று எனக்குத் தெரியும். ஒரு வாய் மெல்லுவதற்குள் அடுத்த வாய்க்கு ஓடும் கை என்னுடையது. அங்கே நான் வீட்டு உடையில் நிற்பேன், அப்பா என்னை யாரென்று எடுத்துக்கொள்வார்? கிளம்பாத விருந்தாளியாகவா?

தம்பி வெளிநாட்டிலிருந்து போனில் வந்தான்.

"அக்கா, சேர்த்துடலாமே. நீயும் எத்தனை நாளைக்குத்தான் தலையால தண்ணி குடிப்பே?"

"அங்கயும் நான்தான்டா பார்க்கணும்."

"சம்பளத்தோட பார்ப்பேல்ல?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் தப்பாச் சொல்லலக்கா. அங்க விட்டா நீயும் ஒரு நாள் வெளியில கிளம்பலாம், யாரையாவது பார்க்கலாம்" என்றான்.

யாரைப் பார்ப்பது என்று யோசித்தேன். அவன் லைனில் காத்திருந்தான். இருவருக்கும் ஒரு பெயரும் தோன்றவில்லை.

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் அப்பா சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் வீட்டில் இருப்பார். இல்லையென்றால் ஜன்னலோரக் கட்டில்.

புதன்கிழமை சாயங்காலம் புயல் வந்தாள். என்னோடு வேலை பார்க்கும் பெண். எதையும் நிதானமாகவே செய்வாள் என்பதால் அந்தப் பெயர். அவளும் வேலையை விடுகிறாள். ஏதோ சரும அழகு கிளினிக்கில் வரவேற்பு மேசையாம். அதைச் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள்.

"அங்க யாரும் செத்துப் போக மாட்டாங்கக்கா. அதிகபட்சம் முகப்பரு."

"உனக்குப் பேச்சுத் துணைக்கு யாரு?"

"கண்ணாடி நிறைய இருக்கு" என்றவள், வாசல் தாண்டி உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றவில்லை. கதவருகே சுவரில் நான் மாட்டியிருந்த கைகழுவும் மருந்துக் குப்பியை, யோசிக்காமல், பழக்க தோஷத்தில் அமுக்கி இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டாள். தேய்த்தபடியே சுற்றிப் பார்த்தாள்.

நான் பெருமையோடுதான் காட்டினேன். படித்ததையெல்லாம் வீட்டில் செய்து வைத்திருந்தேன். தடுக்கி விழாமலிருக்க விரிப்புகளைச் சுருட்டியாயிற்று. கண்ணாடியில் தெரியும் கிழவரோடு அப்பா சண்டைக்குப் போனதால் அதன்மேல் துணி. கழிவறைக் கதவுக்குச் சிவப்பு வண்ணமும் ஒரு படமும். சுவரோரம் பிடித்து நடக்க ஸ்டீல் கம்பி. கட்டிலுக்கு ஏற்றி இறக்கும் பக்கச் சட்டம், மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறை. இன்று என்ன கிழமை என்று எழுதிய பலகை. நிழல் விழாமல் பளீரென்று வெள்ளை விளக்கு. காலையும் மாலையும் ஃபினாயில். ஆயாம்மாவுக்குக்கூட ஒரு பச்சை ஏப்ரன் தைத்துக் கொடுத்திருந்தேன். போட்டோ எடுத்துக் காட்டியபோது மேட்ரனே "பாடம் எடுக்கக் கூப்பிடணும் உன்னை" என்று சொல்லியிருந்தார்.

உள்ளிருந்து அப்பா குரல் கொடுத்தார். "சிஸ்டர், புது அட்மிஷனா? இந்தக் கட்டிலை வேணா குடுத்துடுங்க. நான் கிளம்புறவன்தான்."

புயல் சிரிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு எல்லாம் நிதானம். சிரிப்பும் மெதுவாகத்தான் ஏறும், இறங்கவும் நேரமாகும்.

"என்னடி?"

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. இது ஆஸ்பத்திரின்னு சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கார். நானே செருப்போட நிக்கிறேன் பாருங்க."

நான் பார்த்தேன். அவள் செருப்பை, கம்பியை, பலகையை, ஏப்ரன் போட்ட ஆயாம்மாவை. பிறகு குனிந்து என்னை. முழங்கால் வரை வெள்ளை, சட்டைப்பையில் பேனா, மாரில் பெயர்ப்பட்டை. சொந்த வீட்டில், சொந்த அப்பா எதிரில், பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு நிற்கிறேன். அங்கே சோபா போட்டு ஆஸ்பத்திரியை வீடு என்று நம்பவைக்கப் படாத பாடு படுகிறார்கள். இங்கே ஒரு நயாபைசா உதவி இல்லாமல் ஒரு வீட்டை ஆஸ்பத்திரியாக்கிக் காட்டியிருக்கிறேன். அவ்வளவு கச்சிதமாகச் செய்ய ஒரு நர்ஸால்தான் முடியும்.

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுறேன்னு சொல்றாரு" என்றேன்.

"போகட்டுமே" என்றாள் புயல்.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் குளிப்பாட்டி, உடை மாற்றி, கட்டிலில் உட்காரவைத்துவிட்டுச் சொன்னேன்.

"சார், டாக்டர் வந்துட்டுப் போயிட்டார். இன்னிக்கு உங்களுக்கு டிஸ்சார்ஜ்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். இத்தனை நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தவர், கிடைத்ததும் சீப்பைக் கேட்டார். வாரிய தலையை மறுபடி வாரிக்கொண்டார். பையில் அவர் எடுத்து வைத்தது ஒரு துண்டு, ஒரு செருப்பு, டிவி ரிமோட்.

கிளம்பும்போது என் எதிரில் நின்று கை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். பழைய ஏஜென்ட் குரல் வந்தது, அடியிலிருந்து, துருப்பிடிக்காமல்.

"நல்லாப் பார்த்துக்கிட்டீங்க சிஸ்டர். மறக்க மாட்டேன்."

மறக்க மாட்டேன் என்று அவர் சொன்னதற்கு நான் சிரித்திருக்க வேண்டும்.

"உங்க நல்லதுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? உங்க பேருல ஒரு பாலிசி எடுத்து வைங்க. நாளைப் பின்ன உதவும். நாமினியா யாரைப் போடுவீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"யோசிங்க. ஒரு பேர் போதும். அதுக்கு மேல வேண்டாம்."

ஆயாம்மாவோடு டாக்ஸியில் ஏற்றிவிட்டேன். பூங்கா, கடைத்தெரு, பாலம் எல்லாம் சுற்றிவிட்டுக் கொண்டுவரச் சொல்லி டிரைவரிடம் ஏற்பாடு. டிரைவர், "பெரியவரை எங்க இறக்கணும்?" என்றார். "இங்கேதான்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கும் ஒரு கட்டில் தேவை என்று நினைத்திருப்பார்.

புயல் ஸ்க்ரூடிரைவரோடு வந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் வேகமாக நடந்ததைப் பார்த்தேன். பலகை, குப்பி, சுவர்க் கம்பி, கட்டில் சட்டம், பிளாஸ்டிக் உறை எல்லாம் மாடிப்படிக்கு அடியில் போயின. குளியலறைக் கம்பியை மட்டும் விடச் சொன்னேன். எங்கள் ஆர்வக்கோளாறில் அவர் இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ளக் கூடாது. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு, துண்டு காயப்போடும் கம்பியாக்கிவிட்டாள். அப்பாவின் பழைய பிரம்பு நாற்காலி பரண்மேலிருந்து இறங்கியது. விரிப்பை ஓரமெல்லாம் ஒட்டி விரித்தோம். வெள்ளை விளக்கைக் கழற்றி மஞ்சள் பல்பு போட்டோம். கண்ணாடித் துணியை எடுத்தோம்.

"வாடைதான் போகமாட்டேங்குதுக்கா" என்று மோந்து பார்த்தாள். அடுப்பில் எண்ணெய் வைத்து, வீட்டிலிருந்த வெங்காயத்தையெல்லாம் நறுக்கிப் போட்டாள். "ஃபினாயிலை விரட்ட வெங்காயத்தை விட்டா ஆள் கிடையாது." இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். வெங்காயம்தான் காரணம் என்று அவள் சொன்னாள். நானும் மறுக்கவில்லை.

கடைசியில் நான் யூனிஃபார்மைக் கழற்றினேன். பழைய நைட்டியும் கலைந்த தலையுமாக வந்து நின்றபோது, குளிருகிற மாதிரி இருந்தது.

"என்னக்கா?"

"இதுல அவருக்கு என்னைப் பிடிக்காதுடி."

புயல் பெயர்ப்பட்டையை மடித்த துணிக்குள் வைத்து அலமாரியில் தள்ளிவிட்டு, பின்வாசல் வழியாகக் கிளம்பினாள். "நான் நின்னா புது அட்மிஷன்னு நினைச்சுக்குவார்."

டாக்ஸி வந்தது. மணி அடித்தது. கதவுக்குப் பின்னால் நின்றேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ வீட்டார் எங்கள் இல்லத்து வாசலில் இப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அடையாளம் தெரியுமா, தெரியாதா என்று முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். "மனசைத் திடப்படுத்திக்குங்க" என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்.

கதவைத் திறந்தேன். அப்பா உள்ளே பார்த்தார். நாற்காலியை, விரிப்பை, மஞ்சள் வெளிச்சத்தை. காற்றை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"கதவைத் தொறக்க இவ்வளவு நேரமா?"

திட்டு வாங்கி அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. என் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லவும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் குரலை அவர் ஒரு நாளும் வெளியாருக்குக் கொடுத்ததில்லை.

செருப்பைக் கழற்றி மூலையில் விட்டார். ரிமோட்டைப் பையிலிருந்து எடுத்து டிவி மேல் வைத்தார். கண்ணாடியைக் கடக்கும்போது அதிலிருந்த கிழவரைப் பார்த்துத் தலையாட்டி, "இவரையும் விட்டுட்டாங்க போல" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாப்பாடு ஆச்சா இல்லையா?"

சோறும் பருப்பும் ஒரு முட்டையும். கூடவே எங்களை அழவைத்த வெங்காயம் மொத்தமும். சாதாரணத் தட்டில்தான் வைத்தேன். பிசைந்தார். ஒரு வாய். நான் சமையலறைக் கதவோரம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். இரண்டாவது வாய்.

"சோறு குழைஞ்சுபோச்சு" என்றார்.

"சரிப்பா."

"உப்பும் இல்ல."

"சரிப்பா."

"என்ன சரி? கொண்டா இன்னும் கொஞ்சம்."

ஆயாம்மா ஏப்ரன் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகுதான் ஏப்ரன் நினைவு வந்து, அவசரமாகக் கழற்றிச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். திருப்தியில் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. நான் தட்டை எடுக்கக் குனிந்தபோது சொன்னார்.

"அங்க ஒரு சிஸ்டர் இருந்தா. தங்கமான பொண்ணு."

"அப்படியா?"

"முகம் கோணாம செய்வா. நீயும்தான் இருக்கியே."

"ம்" என்றேன். இந்த வீட்டு வழக்கம் அது.

"அதுக்கு யாரும் இல்லன்னு நினைக்கிறேன். எந்நேரமும் அங்கயேதான் நிக்கும். வீட்டுக்குப் போன மாதிரியே தெரியல." சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "சோறு மிச்சம் இருக்கா?"

"இருக்கு. வேணுமாப்பா?"

"எனக்கில்ல. ஒரு டப்பாவுல போட்டுக் கொண்டுபோய் அதுக்குக் குடுத்துட்டு வா. முட்டை இருந்தா வை."

"நாளைக்குக் குடுக்கிறேன்."

"நாளைக்கு அது பசியோடவா இருக்கும்? இப்பப் போ."

"யாருன்னு கேட்டுக் குடுக்கிறது? பேரு தெரியாதே."

"பேரெல்லாம் எதுக்கு? பார்த்தாலே தெரியும். ரொம்பக் களைச்சுப்போய் இருக்கும்."

நான் நகரும் வரை விடுவதாக இல்லை. டப்பாவில் போட்டுக்கொண்டேன். ஆயாம்மா அவரோடு இருப்பதாகச் சைகை காட்டினார். நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தேன். அப்பா ஜன்னலில் நின்று நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்த்தார். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் அன்றைக்கு நிச்சயமில்லை. ஏதோ ஒரு பக்கம் நடந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்து மேட்ரனுக்குப் போன் செய்தேன்.

"கட்டில் வேண்டாம் மேடம். சாப்பிட்டுட்டார்."

அந்தப் பக்கம் யாரோ பின்னால் கத்திக்கொண்டிருந்தார்கள். ஹெட்மாஸ்டராக இருக்கும். மேட்ரன் அவரைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தார்.

"நல்லது. எவ்வளவு நாளைக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"அப்ப சரி. நாளைக்குச் சீக்கிரம் வா, புயலும் போயிடுது. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிடப் போறேன்."

டப்பாவைத் திறந்தேன். ஸ்பூன் எடுத்து வரவில்லை. கையாலேயே சாப்பிட்டேன். பஸ் ஒன்று வந்து நின்று, நான் ஏறுவேன் என்று கொஞ்சம் காத்திருந்து, கண்டக்டர் என் டப்பாவைப் பார்த்துவிட்டு விசில் கொடுக்க, கிளம்பிப் போனது. சோறு நிஜமாகவே குழைந்திருந்தது. உப்பும் இல்லைதான். அந்த சிஸ்டருக்காக ஒருவர் சோறு கொடுத்தனுப்பியிருக்கிறார். முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன். ஒரு பருக்கைகூட வைக்கவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா நாற்காலியில் அரைக்கண் மூடியிருந்தார். மறந்திருப்பார் என்று நினைத்தேன். காலடிச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்தார்.

"குடுத்தியா?"

"குடுத்தேன்ப்பா."

"சாப்பிட்டாளா?"

"எல்லாத்தையும் சாப்பிட்டாங்க. நல்லா இருந்துச்சாம்."

"பொய் சொல்லுவா. மரியாதை தெரிஞ்ச பொண்ணு." கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூடியபடியே, "ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார்.

நாளைக் காலையில் அவரை யார் குளிப்பாட்டுவது என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து யோசித்துக்கொண்டேதான் வந்திருந்தேன். இந்த நைட்டிக்கு அவர் சட்டையைக் கழற்ற மாட்டார்.

"காலையில வர்றேன்னு சொன்னாங்கப்பா. குளிக்க வெச்சுட்டு உடனே கிளம்பிடுவாங்களாம்."

"மணி அடிச்சா சீக்கிரம் கதவைத் தொற. இன்னிக்கு மாதிரி நிக்க வைக்காதே."

"சரிப்பா."

"அவ இருக்கிற நேரத்துல நீ குறுக்க வராதே. உள்ள இரு."

"சரிப்பா" என்றேன்.